சுவரில் ஒரு குழாய்

ஆழ்வார்திருநகரியில் திருச்செந்தூர்ப் பேருந்துக்காகக் காத்து நின்றபோது, எதிரே சுவரோவியம் ஒன்றைக் காண நேர்ந்தது. நீலநிறக் குழாய், அதன் வாயில் ஒரு துளி, துளியை ஏந்த இரு கைகள், கீழே தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் வாசகம். தேர்ந்த கைதான். ஆயினும் அந்தச் சுவரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் தாமிரபரணி ஓடுகிறது என்பதற்கு ஓர் அடையாளமும் அதில் இல்லை. அதே படத்தைப் பாலைவன நகரம் ஒன்றிலும் தீட்டலாம். ஒரு கோடுகூட மாற்ற வேண்டியதில்லை.

1993 முதல் ஆண்டுதோறும் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிய பள்ளி ஓவியப் போட்டிகளில் பலமுறை நடுவராக அமர்ந்திருக்கிறேன். மூன்று படங்களே திரும்பத் திரும்ப வருகின்றன: சொட்டும் குழாய், உள்ளங்கையில் உலக உருண்டை, வெடித்த நிலம். பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நாம் காட்டியதைத்தான் அவர்கள் வரைகிறார்கள்.

வெடித்த நிலத்தையே எடுத்துக்கொள்வோம். பிசான அறுவடை முடிந்து, கோடையில் குளம் வற்றி, அடிமண் பாளம் பாளமாகப் பிளந்து கிடப்பதைக் கண்டு இப்பக்கத்து உழவர் எவரும் நடுங்குவதில்லை. கரம்பை அள்ளும் காலம் வந்தது என்பார். குளமும் ஆழமாகும், வயலுக்கும் உரமாகும். ஓவியருக்குச் சாவாகத் தோன்றுவது உழவருக்கு அடுத்த போகத்தின் முன்வேலை. பார்ப்பவரின் வாழ்வை அறியாத படம் அவரிடம் என்ன பேசிவிட முடியும்?

குழாயின் குறை வேறு வகை. அது பொய் சொல்லவில்லை. பாதியைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பல் துலக்கும் சிறுவனைக் குற்றவாளி ஆக்குகிறது. ஆற்று மணலை அள்ளியவர் எவரும் அந்தப் படத்தில் இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு, முதுமையிலும் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் தாமே வாதாடி, 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை பெற்றார். அதைத் தீட்டிய சுவர் எதையும் நான் கண்டதில்லை.

இத்தனைக்கும் நம் மக்கள் நீரைக் கண்ணால் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். நாளிதழில் அணைகளின் நீர்மட்டம் ஒரு மூலையில் வருகிறது. பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்பது தேநீர்க் கடையில் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த மூலையைப் பார்த்துவிட்டுத்தான், "இந்த வருசம் காருக்குத் தண்ணி வருமாய்யா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. கோயிலை மூடிற்றா என்ற ஒரே கேள்வியில் ஊர் வெள்ளத்தை அளந்துவிடுகிறது. மறுகால் பாய்கிறதா என்ற கேள்வியும் இத்தகையதே. இவற்றில் அழகுபடுத்தும் முயற்சி எதுவுமில்லை. அளவு இருக்கிறது, அது நம்முடைய நீரின் அளவு.

பிற நாட்டாரும் இதை அறிந்திருந்தனர். கெய்ரோவின் ரோடா தீவில் 861இல் கட்டப்பட்ட நீர்மானியில், நைல் நதி 16 முழம் ஏறினால் விளைச்சல் உண்டு, குறைந்தால் பஞ்சம். செக் நாட்டில், எல்பே ஆற்றின் அடியில் கிடக்கும் பஞ்சக்கல் ஒன்றில், படிக்க இயலும் மிகப் பழைய ஆண்டு 1616. தன்னைக் காண்பவரை அழச் சொல்லும் வாசகமும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. 2018 வறட்சியில் அது வெளியே தெரிந்தது. ஆறு நிறைந்திருக்கும் வரை வாய் திறவாத கல்! சுவரொட்டி வரைவோர் சற்று நேரம் அதன்முன் நின்று பார்க்கலாம்.

இவ்வளவு எழுதுகிறவன் தன் சுவரை மறைத்தலாகாது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் வெள்ளம் புகுந்தது. பல குளங்கள் உடைந்தன. கோடைக்கென்று தேங்கியிருக்க வேண்டிய நீரும் கடலுக்குப் போயிற்று. எங்கள் பங்குக் கோயிலின் சுற்றுச்சுவரில் அந்த வெள்ளம் நீளமாக ஒரு சேற்றுக் கோட்டை விட்டுச் சென்றது. திருவிழாவுக்கு முன் அதன்மேல் வெள்ளையடிக்கச் சொன்னவன் நானே. பிறகு இளைஞர்கள் அந்த வெள்ளைச் சுவரில் சொட்டும் குழாய் ஒன்றைத் தீட்ட விரும்பினார்கள். இசைவு தந்ததோடு நில்லாமல், மந்திரித்துத் திறந்தும் வைத்தேன்.

இப்போது அந்தக் கோட்டை மீண்டும் வரைந்து, ஆண்டைப் பக்கத்தில் எழுதிவைக்க எண்ணியிருக்கிறோம். எந்த உயரத்தில் என்பதில்தான் வழக்கு. ஒளிப்படம் எவரும் எடுத்துவைக்கவில்லை. கோயில்பிள்ளை தம் இடுப்பைக் காட்டுகிறார். சுவரையடுத்துக் குடியிருக்கும் பாட்டி, அன்றிரவு பேத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் நின்றவர், "சாமி, இதுவரைக்கும்" என்று தம் நெஞ்சில் கைவைக்கிறார். அவர் காட்டிய உயரத்தை அளந்து ஓவியரிடம் கொடுத்திருக்கிறேன்.