விதிமுறைக்குள் இருக்கும் மாணவர்

அரசு விதிமுறையும் ஒரு பிரதிதான். கவிதையைக் கட்டுடைக்கிற நம் விமர்சகர்கள், நம்ம பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கிற இந்தக் காகிதங்களை மட்டும் குமாஸ்தாக்களிடம் விட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய உதவித்தொகைக்கு 2021 மார்ச்சில் புதிய விதிமுறை வந்தது. அதை மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்று வாசித்துப் பார்க்கலாம்.

பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். செலவில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகுதான் மத்தியப் பங்கு மாணவர் கணக்கில் இறங்கும். 'ஃப்ரீஷிப் கார்டு' இருந்தால் முன்கூட்டிக் கட்டணம் கட்டாமலே கல்லூரியில் சேரலாம் என்றும் இருக்கிறது. நல்ல வரி, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிரதி கற்பனை செய்கிற மாணவர் யார்? காத்திருக்க முடிந்தவர். பணம் வரும்வரை பஸ்சுக்கும் சோத்துக்கும் புத்தகத்துக்கும் வீட்டில் ஏதோ வழியிருக்கிற ஏழை!

அப்படிப்பட்ட ஏழையை உப்பளத்தில் தேடித்தான் பார்க்கணும். இங்கே வேலை ஜனவரியை ஒட்டித் தொடங்கி செப்டம்பரோடு முடியும். அக்டோபர் மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணி. மூணு மாசம் கூலி கிடையாது; அடுத்த பருவத்து உழைப்பை அடகு வைத்து முன்பணம் வாங்கித்தான் அடுப்பெரியும். கல்லூரியில் முதல் பருவத் தேர்வு நெருங்குவதும் அப்போதுதான். "ஸ்காலர்ஷிப் வந்துடுச்சாடா?" என்று அம்மா கேட்பதும், பையன் "இந்த வருசம் உப்பு வாரப் போறேன், அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பதும் அப்போதுதான்.

இது அரசுக்குத் தெரியாததல்ல. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தரும் திட்டத்தை மாநில அரசே 2022இல் தொடங்கியது. அந்த மாதங்களில் கூலி இல்லை என்று ஒரு துறை எழுதி ஒப்புக்கொள்கிறது. உதவித்தொகைக் கோப்புக்கு மட்டும் மழை பெய்வதேயில்லை.

தொகை எவ்வளவு என்பதிலேயே நம் விவாதங்கள் நின்றுவிடுகின்றன. எப்போது என்பதுதான் சாதி வேலை செய்கிற இடம். பரோடா அரசின் உதவிக்காலம் 1917இல் முடிந்ததும் அம்பேத்கரே லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. மறுபடி போக 1920 ஆனது. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தபோது ஏழு மாத ஆய்வு உதவித்தொகை அவருக்கு வர வேண்டியிருந்தது. இந்தத் திட்டமோ 1944இலேயே தொடங்கியது. எண்பது வருசமாக ஒரு காசோலை நேரத்துக்கு வரக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை நிர்வாகக் கோளாறு என்று நம்ப நான் தயாரில்லை.

சான்றுரை எழுதும் மாணவத் தோழர்கள் மூன்று விஷயங்களைத் தவறாமல் எழுதுங்கள்: கல்லூரியில் சேர்ந்த தேதி, பணம் வந்த தேதி, இடையில் வாங்கிய கடனுக்கு வட்டி.