பெல்லா ஏன் நான்கு நாவல்கள் காத்திருந்தாள்?

ஸ்ரெபனி மேயரின் 'ருவைலைற்' வெளிவந்தது 2005இல். 2008க்குள் மேலும் மூன்று நாவல்கள் தொடர்ந்தன. அன்று பதினைந்து பதினாறு வயதில், பாடப் புத்தகங்களுக்கிடையே ஒளித்து வைத்து இவற்றை வாசித்த எம் தலைமுறைப் பெண்கள் இன்று முப்பதைத் தாண்டிவிட்டோம். இப்போது இந்நாவல்கள் பற்றிப் பேச்செழுந்தால் ஒரு சிரிப்போடு கடந்துவிடுவதே வழக்கமாகியிருக்கிறது. அந்தச் சிரிப்பில் எமக்கு நம்பிக்கையில்லை. இளம் பெண்கள் விரும்பி வாசிக்கும் எதுவும் இலக்கியமல்ல என்ற பழைய அலட்சியம் அதற்குள்ளும் இருக்கிறது. (ரமணிசந்திரன் வாசித்த எங்கள் அம்மாமாரும் இதே சிரிப்புக்கு ஆளானவர்கள்தான்.)

சிரிக்காமல் மறுபடி வாசித்தால் முதலில் உறுத்துபவன் எட்வேட். 1918இல், சிக்காகோவில், ஸ்பானியக் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தபோது இரத்தக்காட்டேரியாக்கப்பட்டவன். பதினேழு வயதிலேயே நின்றுபோனவன். இரவில் பெல்லாவின் அறைக்குள் புகுந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தெரியவந்தபோது அவளுக்குக் கோபம் வருவதில்லை. தூக்கத்தில் என்ன உளறினேனோ என்ற வெட்கந்தான் வருகிறது. மூன்றாவது நாவலில், அவள் ஜேக்கப்பிடம் போகாமலிருக்க அவளது வண்டியின் இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். நாவல் இதற்கு வைக்கும் பெயர் அக்கறை. இதே காரியத்தை ஒரு அண்ணனோ மச்சானோ செய்தால் என்ன பெயர் என்பதை எம் வீடுகளில் வளர்ந்த எவளுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால், இக்கதை ஏன் இத்தனை பேரைப் பிடித்து வைத்தது என்பது விளங்காது. இங்கே ஆசைப்படுபவள் பெல்லா. ஆணின் முகத்தையும் உடலையும் பக்கம் பக்கமாகப் பார்த்து வர்ணிப்பவள் அவள், தள்ளிப்போடுபவன் அவன். பெண்ணை வர்ணித்தே பழகிய எழுத்துலகில் இது சின்ன விடயமல்ல. அவள் கேட்பதும் தெளிவானது. தன்னையும் அவனைப்போல ஆக்கவேண்டும். அவனுக்குச் சமமான பலமும் சாகாத உடலும் வேண்டும். அவன் மறுக்கிறான். பிறகு கலியாணத்தை நிபந்தனையாக வைக்கிறான். கடைசியில், நான்காவது நாவலில், பிரசவத்தில் முதுகெலும்பு முறிந்து அவள் சாகக் கிடக்கும்போதுதான் கேட்டது கிடைக்கிறது. மனைவியாகி, தாயுமான பிற்பாடு.

பெல்லா எந்நேரமும் காப்பாற்றப்படவேண்டிய அபலை என்ற விமர்சனத்துக்குப் பதிலாகவே மேயர் 2015இல், பத்தாண்டு நிறைவின்போது, 'லைஃப் அன்ட் டெத்' எழுதினார். ஆணைப் பெண்ணாக்கி, பெண்ணை ஆணாக்கிய அதே கதை. காட்டேரிகளின் நடுவே அகப்பட்ட மனிதர் ஆணானாலும் அபலைதான் என்பது அவர் வாதம். ஓரளவு சரி. ஆனால் முடிவைப் பாருங்கள். 'ருவைலைற்'றில் கடிபட்ட பெல்லாவின் கையிலிருந்து நஞ்சை உறிஞ்சியெடுத்து எட்வேட் அவளை மனுஷியாகவே வைத்திருக்கிறான். அவளிடத்தில் வரும் போஃபோட் என்ற பையனுக்கோ நஞ்சு பரவிவிடுகிறது. அந்த ஒரே புத்தகத்தின் இறுதியிலேயே அவன் காட்டேரியாகிவிடுகிறான். கலியாணமில்லை, பிள்ளைப்பேறில்லை, மூன்று நாவல் காத்திருப்புமில்லை. கதைப்போக்கின் தேவை என்று சொல்லலாம். பெண்ணின் கதைக்கு அந்தத் தேவை ஏன் வரவில்லை?

இரு நாவல்களும் முதலில் ஒரே கட்டில், புரட்டித் திருப்பி வாசிக்கும்படியாகச் சேர்ந்தே வந்தன. எம் மகள்மார் காட்டேரிக் காதல் கேட்டு வரும்போது அந்தப் பதிப்பையே கொடுக்கலாம். ஒன்றின் கடைசி அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி மற்றதன் கடைசி அத்தியாயத்தையும் வாசிக்கட்டும்.