மெயின் லைனில் சிறப்பு ரயில்: விழுப்புரமும் ரம்புக்கனையும்

அட்டவணையில் இல்லாத வண்டி பிரதான பாதையில் ஓடுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பழைய எஞ்சினை ஓட்டிக் காட்டுவது, முழு வண்டியையும் ஒரு குழு வாடகைக்கு எடுப்பது, புதிய பாதையையோ பெட்டிகளையோ வெள்ளோட்டம் பார்ப்பது. மூன்றும் இந்தியாவிலும் இலங்கையிலும் நடக்கின்றன. இரு நாட்டு ரயில்களையும் ஒருகாலத்தில் ஒரே பயணம் இணைத்தது: 1914 முதல் 1964 வரை போட் மெயில் ரயில் சென்னை எழும்பூரில் புறப்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் வழியே தனுஷ்கோடி போய்ச் சேரும். அங்கே கப்பலேறிய பயணிகள் தலைமன்னாரில் இலங்கை வண்டியைப் பிடித்தார்கள். அன்று இந்தியப் பக்கம் மீட்டர் கேஜ். இன்று இரு பக்கமும் 1676 மி.மீ. அகலப் பாதைதான்; ஆனால் அதில் சிறப்பு வண்டியை விடும் முறை வேறு.

விழுப்புரம் மாவட்ட வானூர் வட்டாரத்தார் ரயிலேறப் போகும் திண்டிவனமும் விழுப்புரமும் நீராவியிலிருந்து சீக்கிரம் விலகிய பாதையில் உள்ளவை. சென்னை–விழுப்புரம் பாதை 1960-களிலேயே மின்மயமானது. 25,000 வோல்ட்டில் இயங்கிய ஒரே இந்திய மீட்டர் கேஜ் பாதை அதுதான். தெற்கே போகும் வண்டிகள் விழுப்புரத்தில் மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினை மாட்டிக்கொள்ளும். இப்போது அதே தடம் இரட்டை அகலப் பாதை; விரைவு வண்டிகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. மெதுவான ஒரு பழைய எஞ்சினை நடுவில் விட்டால் பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் தேங்கும். வழியில் தண்ணீர் பிடிக்கும் குழாய்களும் இல்லை. மேலே உயர் மின்னழுத்தக் கம்பி இருப்பதால் எஞ்சின் மீது ஏறி வேலை பார்க்கவும் முடியாது. அதனால்தான் 1855-இல் லீட்ஸ் நகரில் செய்யப்பட்டு, பெரம்பூர் பணிமனையில் 2010-இல் உயிர்பெற்ற ஈ.ஐ.ஆர்.–21 எஞ்சின், சென்னையில் எழும்பூர்–கோடம்பாக்கம் போன்ற குறுகிய தூரத்தோடு நின்றுகொள்கிறது.

இலங்கையில் வைஸ்ராய் ஸ்பெஷல் நீராவி வண்டியை 1986 முதல் ஒரு தனியார் சுற்றுலா நிறுவனம் ரயில்வே திணைக்களத்திடம் வாடகைக்கு எடுத்து நடத்திவந்தது. கொழும்பு கோட்டையிலிருந்து கண்டி நோக்கி மலையேறும் பயணம் அது. ரம்புக்கனையைத் தாண்டினால் ஒற்றைப் பாதை. கடுகண்ணாவை வரை 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எதிர்வண்டிக்கு வழிவிட்டு நிலையத்தில் காத்திருக்கும்போது, நிலைய அதிபர் வளையத்தில் கோத்த டேப்லட்டைச் சாரதியிடம் நீட்டுவார். அது கைக்கு வந்த பிறகுதான் அடுத்த கட்டப் பாதை சாரதியுடையது. இந்தப் பாதையில் மின்கம்பி இல்லை. பழைய வெற்றிட பிரேக் முறையும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததால், பழைய எஞ்சினும் பெட்டிகளும் பெரிய மாற்றமின்றி ஒத்துப்போயின. நீராவி எஞ்சினின் உழைப்பு ஏற்றத்தில் மூச்சிறைக்கும்போதுதான் தெரியும். சமதளத்தில் சில கிலோமீட்டர் ஓடினால் அதன் வடிவம் மட்டுமே தெரியும். இவ்விஷயத்தில் இலங்கையின் வழக்கமே மேலானது.

வாடகை முறையில் இந்தியா விதிகளை வகுத்து வைத்திருக்கிறது. ஐ.ஆர்.சி.டி.சி. வழியே முழுக் கட்டண முறையில் பெட்டியையோ வண்டியையோ பதிவு செய்யலாம். பெட்டிக்கு 50,000 ரூபாய் முன்பதிவுத் தொகை, முழு வண்டி என்றால் குறைந்தது 18 பெட்டி. 2021-இல் அறிவித்த பாரத் கௌரவ் திட்டத்தின்படி, தனியார் இயக்கிய முதல் வண்டி 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்குப் போனது.

நீராவி ஓட்டத்துக்கு நேர்மாறாக, வெள்ளோட்டத்தில் இந்தியாவின் கைதான் மேல். இந்தியாவில் பாதையைக் கட்டியவர்களே அதற்குச் சான்று தர முடியாது. சான்று தரும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பவர். 2010-இல் விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப் பாதை திறக்கும் முன்பும் அவரது அனுமதி தேவைப்பட்டது. மோட்டார் டிராலியில் போய்ப் பாலம், வளைவு, கேட் என ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே அதிவேக ஓட்டம். அன்று தண்டவாளத்தை நெருங்க வேண்டாம் என்று சுற்றுவட்டார மக்களை முன்கூட்டியே எச்சரிப்பார்கள். புதிய பாம்பன் பாலத்தில் 2024 நவம்பரில் ஆணையர் சோதித்து வேகவரம்பு விதித்தார். பாலம் 2025 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

இலங்கையில் பரீட்சார்த்த ஓட்டம் பெரும்பாலும் திணைக்களப் பொறியியலாளர்களின் பொறுப்பு. இந்தியாவின் இர்கான் நிறுவனம் புதுப்பித்த அனுராதபுரம்–ஓமந்தை பாதை, சோதனை ஓட்டங்களுக்குப் பின் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது.