மிதிப்பாரற்ற தையற்பொறிகள்

உயிரற்ற பொருளை உயிருடையதாக வைத்துப் பேசுதல் தமிழ்ப் புலவர்க்குப் பழகிய நெறி. தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலியணிந்து காவல்மனையில் பொலிவுற இருத்தலையும், அதியமானின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் கொட்டிலிற் கிடத்தலையும் ஒப்புநோக்கினார் (புறநானூறு, 95). போரிட்ட மறவரை அவர் காட்டவில்லை. கருவிகளே அவர்க்காகப் பேசின.

நம் மைசூரில் 1969இல் பிறந்த ஓவியர் என். எஸ். ஹர்ஷாவின் ‘நாடுகள்’ (2007) என்னும் படைப்பைப் படங்களிற் கண்டபோது எனக்கு அப்பாட்டே நினைவில் எழுந்தது. காலால் மிதித்து இயக்கும் தையற்பொறிகள் 190க்கு மேல் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடொன்றின் கொடி. ஒரு பொறியின் நூல் அடுத்ததன் நூலோடு பின்னிச் சிக்குண்டு கிடக்கின்றது. தையற்காரர் எவருமிலர். 2009இல் இலண்டனிலும் 2017இல் டோக்கியோவிலும் இது காட்சிக்கு வைக்கப்பெற்றது.

கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கொடிகள் தைத்தவை அல்ல; துணிமீது வண்ணத்தால் தீட்டியவை. ஆயினும் தாமே தைத்தவை போலப் பொறிகள் அவற்றைத் தாங்கி நிற்கின்றன. தூரிகையின் உழைப்பை ஊசி தனதென்று சொல்லிக் கொள்கிறது! கலைப்பொருள் உருவாகும் வகையையே இப்பாவனையால் ஓவியர் நமக்குக் காட்டுகிறார் என்பது என் கருத்து.

இப்பாவனை நமக்குப் புதிதன்று. ஆயுத பூசையன்று தையற்பொறிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு ஓய்வளிப்பவர்கள் நாம். என் தாயார் தம் பொறியை ‘அவள்’ என்றே சுட்டுவார். “அவளுக்கு எண்ணெய் விட்டாயிற்றா?” என்று அவர் கேட்பது இன்னும் என் காதில் இருக்கிறது. அக்கம்பக்கத்தார்க்கு இரவிக்கை தைத்தே எங்களைப் படிக்க வைத்தார்.

ஆதலின் எனக்கொரு மனக்குறை. சிதைந்த வேல்நுனி தன்னைப் பிடித்த கையை நினைவூட்டுகிறது. இங்கோ கொடி நாட்டைச் சொல்கிறது. மிதித்த காலை எதுவும் சொல்லவில்லை. உழைப்பவர் மறைந்து கருவி மட்டும் புகழ்பெறுவதோ என முதலில் வருந்தினேன். மீண்டும் நோக்கிய போது, எண்ணம் சிறிது மாறிற்று. நூல் சிக்கினால் என் தாயார் முதலிற் பொறியை நிறுத்துவார். பின்னரே முனை தேடுவார். இங்கே முனை தேடுவாரில்லை என்பதையே வெற்றிடம் உணர்த்துகிறது எனலாம். அக்குறை முழுதும் நீங்கிற்று என்று மட்டும் சொல்லமாட்டேன்.

இப்படைப்பு நம்மூரில் ஒருமுறை வைக்கப்பெறின், கடைத்தெருத் தையற்காரர் சிலரை அழைத்துச் சென்று அவர்கள் எதை முதலில் தொடுகிறார்கள் என்று பார்க்க ஆசை.