‘ஆர்ட் சில்க்’

சின்னாளப்பட்டி ‘ஆர்ட் சில்க்’ சேலைக்குப் பெயர்போனது. இந்த ‘ஆர்ட்’ கலை அல்ல. ‘ஆர்டிபிஷியல்’ என்ற பெயரடையின் சுருக்கம். ரேயான் என்ற பெயர் 1924இல் அமெரிக்காவில் வழக்குக்கு வரும்முன் அந்த நூலுக்கு அதுதான் பெயர். ஜான்சனின் 1755ஆம் வருஷத்து அகராதி இச்சொல்லுக்குப் ‘போலி’ என்பதோடு ‘திறமையுடன் ஆக்கப்பட்டது’ என்றும் பொருள் தருகிறது. பாராட்டு வழக்கொழிந்து, வசை மிஞ்சிவிட்டது.

நம் விமர்சகர்கள் ஒரு கவிதையைச் ‘செயற்கை’ என்று தள்ளும்போது இந்த மிச்சத்தைத்தான் தமிழில் புழங்குகிறார்கள். செயற்கை, செய்யுள் இரண்டுக்கும் ‘செய்’ என்பதே வேர். தொல்காப்பியத்தில் செய்யுளியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. எனவே, செய்யப்பட்டது என்பது ஒரு கவிதைக்கு எதிரான குற்றச்சாட்டாக முடியாது என்பது என் கட்சி. ரேயானைப் பட்டென்று விற்றால் மோசடி. ரேயான் என்றே விற்றால் நெசவைப் பார்த்துப் பேச வேண்டும். இயல்பானது என்று நாம் கொண்டாடும் வரியும் ஒருவன் உட்கார்ந்து அடித்துத் திருத்தி எழுதியதாக இருக்கலாம்.