முறை வைத்துத் தைத்தல்

கிராஸ் ஸ்டிச் என்று நம் ஊர்த் தையல் வகுப்புகளிலும் வழங்கிவரும் பெருக்கல் குறித் தையலில் ஈடுபட்டவர்களிடையே, முக்கியமாக அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும், ஒரு புதிய சம்பிரதாயம் அண்மைக் காலத்தில் வேரூன்றியிருக்கிறது. ஒரு துணியைத் தைத்து முடித்த பிறகே மற்றொன்றைக் கையில் எடுப்பது என்ற பழைய ஒழுங்கைக் கைவிட்டு, ஐந்தும் பத்தும், சிலர் இருபதும் முப்பதுமான வேலைகளை ஏககாலத்தில் தொடங்கி வைத்துக்கொண்டு, அவற்றை முறை வைத்து மாற்றி மாற்றித் தைத்து வருவதே அது. திங்கட்கிழமைக்கு ஒரு துணி, செவ்வாய்க்கிழமைக்கு வேறொன்று என்று கிழமையைப் பங்கிடுவார் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பத்து மணி நேரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார் உண்டு. இருபத்தைந்து கட்டங்கள் கொண்ட பிங்கோ அட்டையில் தம் வேலைகளை எழுதிவைத்து, குலுக்கலில் வந்த எண்ணுக்குரியதை அந்த மாதம் தைப்பாரும் உண்டு. மாத முடிவில் ஒவ்வொரு துணியையும் படம் பிடித்து, சென்ற மாதப் படத்தின் பக்கத்தில் வைத்து, இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மகிழ்வதும் இம்முறையின் அங்கமாகிவிட்டது. பொழுதுபோக்குக்கு இத்தனை கணக்கா என்று நகைக்கத் தோன்றினாலும், இதில் ஈடுபட்டவர்களின் சிரத்தையைப் பார்த்தால் நகைத்துத் தள்ளிவிட மனம் வரவில்லை.

இம்முறை தோன்றியதற்குக் காரணம் வேலையின் பரிமாணமே என்பது என் அபிப்பிராயம். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயச் சிறுமியர் தைத்த மாதிரித் துணிகளை நோக்கினால், அகர வரிசை, எண்கள், ஒரு நீதி வாசகம், இரண்டு மரங்கள், ஒரு வீடு, அடியில் தைத்தவளின் பெயரும் வயதும் ஆண்டும் என்ற அளவோடு அவை நின்றுவிடுகின்றன. ஆண்டைத் தைப்பதோடு வேலை முடிந்தது. முடிந்தது என்பதற்குச் சாட்சியும் அந்த ஆண்டே. இன்று நிலைமை வேறு. ஜெர்மானிய நிறுவனமான ஸ்வைகார்ட் 1890-இல் வெளியிட்ட ஐடா என்ற கட்டத் துணி எண்ணித் தைப்பதை எவர்க்கும் எளிதாக்கியது. பிரான்ஸின் மூலூஸ் நகரத்தில் 1746-இல் தொடங்கப்பட்டு டி.எம்.சி. என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் ஆறிழை நூல் இன்று ஐந்நூறு நிறங்களில் கிடைக்கிறது. நம் பக்கத்துப் பேன்சி கடைகளில் மதுரா கோட்ஸின் ஆங்கர் நூலை அறியாதவர் இல்லை. நிறத்துக்குக் குறைவில்லை என்றான பின், கணிப்பொறியின் உதவியால் எந்த எண்ணெய்ச் சித்திரத்தையும் கட்டங்களாகப் பிரித்து, துணியில் வெற்றிடமே இல்லாதபடி முழுவதும் தைத்து நிரப்பும் படங்கள் விற்பனைக்கு வந்தன. அகலத்தில் 400 கட்டமும் உயரத்தில் 500 கட்டமும் கொண்ட அத்தகைய படமொன்றில் 2,00,000 தையல்கள். மணிக்கு 150 தையல் போடக்கூடிய கை, நாள்தோறும் ஒரு மணி நேரம் தவறாமல் உழைத்தாலும், மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதிலும் வானமோ இருண்ட காடோ வரும் பகுதியில், பத்துக்குப் பத்து என்ற சிறு சதுரத்துக்குள்ளேயே இருபது நிறங்கள் ஒவ்வொரு புள்ளியாகச் சிதறிக் கிடக்கும்போது, ஊசியில் நூலை மாற்றுவதிலேயே பொழுது கழிந்துவிடும். இத்தகைய ஒன்றையே மூன்றரை ஆண்டு பார்த்துக்கொண்டிருக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? சலிப்பே முறைமாற்றத்தின் தாய்.

ஆனால் சலிப்புக்கு மருந்தாகத் தோன்றிய ஒன்றை, வேலையை விரைவில் முடிக்கும் உபாயமாகவும் பலர் கருதிவிட்டார்கள். இது கணக்கில் நிற்காது. தலைக்கு 200 மணி நேரம் பிடிக்கும் ஐந்து துணிகளை ஒருவர் வைத்திருப்பதாகவும், நாளுக்கு ஒரு மணி நேரம் தைப்பதாகவும் கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்தால் முதல் துணி 200-ஆம் நாளில் முடியும். ஏனையவை 400, 600, 800, 1,000 ஆகிய நாட்களில் முடியும். நாளுக்கொன்றாக முறை வைத்தாலோ, முதல் துணி 996-ஆம் நாளில்தான் முடியும். மற்ற நான்கும் அடுத்தடுத்த நான்கு நாட்களில் முடிந்து, ஆயிரமாவது நாளில் எல்லாம் ஓய்ந்துவிடும். மொத்த உழைப்பு இரண்டிலும் ஒன்றே, கடைசி நாளும் ஒன்றே. ஆனால் முதல் வழியில் சென்றவருக்கு ஏழாவது மாதத்திலேயே சுவரில் மாட்ட ஒரு படம் கிடைத்துவிட, இரண்டாம் வழியில் சென்றவர் இரண்டரை ஆண்டுக்கு மேல் வெறுங்கையராகக் காத்திருக்கிறார். வேலைகள் முடியும் வேகம் மாறாதவரை, கையில் தொடங்கிக் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொன்றும் முடிய ஆகும் காலமும் அதே விகிதத்தில் நீளும் என்பதை ஜான் லிட்டில் என்ற ஆராய்ச்சியாளர் 1961-இல் கணித முறைப்படி நிரூபித்தார். தொழிற்சாலைகளை நடத்துவோர் அந்த விதியை அறிந்தே சரக்கை அளவோடு உள்ளே விடுகிறார்கள். ஊசிக்கு மட்டும் அவ்விதி விலக்களிக்கப் போவதில்லை. மேலும், சட்டத்திலிருந்து ஒரு துணியைக் கழற்றி வேறொன்றை இழுத்துப் பூட்டி, அதற்குரிய நூல்களை எடுத்து வைத்து, விட்ட இடத்தைக் கட்டப் படத்தில் தேடிப் பிடிக்கும் நேரத்தை மேற்கண்ட கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அப்படியானால் இதில் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன கணக்கு, தைப்பவர் எந்தத் துணியானாலும் நாள் தவறாமல் ஊசியைக் கையில் எடுப்பார் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. மனிதர் இயல்பு அப்படியன்று. வெறுத்துப்போன ஒரே துணியை மட்டும் கண்முன் வைத்திருப்பவர் நாளடைவில் தைப்பதையே விட்டுவிட்டு, அதைப் பெட்டியின் அடியில் போட்டு மறந்துவிடுவதைக் காண்கிறோம். அவ்வாறு நின்றுபோவதைவிட, ஐந்தில் எதையாவது தினம் ஒரு மணி நேரம் தைத்துக்கொண்டிருப்பது மேல் என்பதில் சந்தேகமில்லை. கண்ணுக்கும் இதில் நன்மை உண்டு. அங்குலத்துக்கு 25 கட்டமுள்ள நெருக்கமான துணியைப் பகல் வெளிச்சத்திலும், 14 கட்டமுள்ள ஐடாவை இரவு விளக்கிலும், கையடக்கமான சிறு துணியை ரயில் பயணத்திலும் வைத்துக்கொண்டால், எந்த நேரமும் வீணாவதில்லை. காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்றபடி வேலையைப் பொருத்திக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியமே முறைமாற்றத்தின் தலைசிறந்த குணம் என்பேன். ஆனால் இதற்கு இரண்டு அல்லது மூன்று துணிகள் போதுமே தவிர இருபது வேண்டியதில்லை.

மனோதத்துவத்தில் முறைமாற்றத்துக்கு ஓர் ஆதரவு இருக்கிறது. பெர்லினில் மனோதத்துவ அறிஞர் குர்ட் லெவினிடம் பயின்ற மரியா ஓவ்சியான்கினா 1928-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வேலையின் நடுவில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, வாய்ப்புக் கிடைத்தவுடன் அந்த வேலைக்குத் திரும்பிவிடுவதைக் கண்டார். பாதியில் விட்ட வேலை மனத்தை இழுக்கிறது. பத்து மணி நேரம் முடிந்ததென்று ஒரு வரிசையின் நடுவே துணியைக் கீழே வைப்பவர், அடுத்த முறை வரும்போது ஆவலோடு அதனிடம் திரும்புவதற்கு இது காரணமாகலாம். எனினும் இங்கே மனத்தின் நலமும் துணியின் நலமும் முரண்படுகின்றன. மனத்துக்கு வரிசையின் நடுவில் விடுவது நல்லது. எண்ணிக்கை பிசகாமல் இருக்கவோ, பத்துக்குப் பத்துச் சதுரம் ஒன்று முழுமையான இடத்தில் விடுவதே நல்லது. ஒரு கட்டம் தள்ளிப்போட்ட தையல் அப்போதே தெரிவதில்லை. இருநூறு தையல் தாண்டி, ஒரு முகத்தின் கண்ணோ எழுத்தின் காலோ பொருந்தாமல் நிற்கும்போதுதான் வெளிப்படும். அப்போது அத்தனையையும் பிரிக்க வேண்டும். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பேண முடியுமென்றால் துணியின் நலத்தையே பேண வேண்டும்.

முறைமாற்றத்தினால் விளையும் மற்றக் குறைகள் சிறியவை போலத் தோன்றினாலும், முடிந்த படத்தில் அவை மறையாமல் நிற்பவை. பெருக்கல் குறியின் இரண்டு கால்களில் மேலே வரும் கால் படம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும் என்பது இக்கலையின் பாலபாடம். ஏனெனில் பருத்தி நூலின் பளபளப்பு வெளிச்சம் படும் திசையைப் பொறுத்தது. மூன்று மாதம் கழித்து ஒரு துணியைக் கையில் எடுப்பவர், இடையில் தைத்த வேறொன்றின் பழக்கத்தால் மேற்காலை மறுபக்கம் சாய்த்துவிட்டால், அதே எண்ணுள்ள நீல நூலில் தைத்த வானத்தின் நடுவே, வேறு சாயம் தோய்த்ததுபோல ஒரு திட்டு விழும். நூலை இழுக்கும் கைப்பதமும் அப்படியே. ஒரு காலத்தில் இறுக்கமாகவும் மற்றொரு காலத்தில் தளர்வாகவும் இழுத்த தையல்கள் அடுத்தடுத்து வரும்போது, தடவிப் பார்க்கும் விரலுக்கே வேற்றுமை தெரியும். துணியை இழுத்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றாமல் மாதக்கணக்கில் விட்டுவைத்தால் துணியில் வட்டத் தழும்பு விழுந்து அழுக்கும் சேர்கிறது. துணியிலேயே குத்தி விடப்பட்ட ஊசி, நிக்கல் பூச்சுத் தேய்ந்ததாக இருந்தால், துருக்கறையை விட்டுப் போகிறது. பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு இழுக்கப் பயன்படும், நீரில் கரையும் பேனாவின் மை சூடு பட்டால் நிலைத்துவிடும் தன்மையது. வெயில் படும் அலமாரியிலோ காரிலோ முறைக்காகக் காத்துக் கிடக்கும் துணிக்கு அதுவும் ஓர் அபாயம். ஒரு வேலைக்கு நூல் குறைந்தால் மற்றொன்றின் பையிலிருந்து கடன் வாங்கும் வழக்கம் வேறு. பின்னர் புதிதாக வாங்கும் கட்டு வேறொரு சாயத் தொட்டியைச் சேர்ந்ததாக இருந்து, நிறம் மயிரிழை மாறிவிட்டால், கடன் கொடுத்த துணிதான் அதன் விளைவைச் சுமக்கிறது.

நம் கழனிகளில் முறைப்பாசனம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஏரியில் நீர் குறைந்த ஆண்டில், இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று முறை வைத்துத் திறந்துவிடுவார்கள். ஆனால் எத்தனை வயலுக்குப் பாய்ச்ச முடியும் என்பதை நீரை அளந்து முதலில் தீர்மானித்த பிறகே நாற்று விடுவார்கள். முறை மிகவும் தாமதித்து வந்தால் பயிர் கருகிவிடும் என்ற பயம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. தையலில் அந்தப் பயம் இல்லை. துணி கருகுவதில்லை, முறையிடுவதில்லை, எத்தனை ஆண்டானாலும் பைக்குள் மௌனமாகக் கிடக்கிறது. அதனால்தான் ஜனவரி மாதத்தில் நாளுக்கொன்றாகப் புதிய வேலை தொடங்குவது என்ற விளையாட்டுக்கும் இடமேற்பட்டிருக்கிறது. தொடங்குவதில் உள்ள சுகம் அலாதியானது என்பதை மறுக்க மாட்டேன். புதிய துணியின் மொடமொடப்பும், பிரிக்காத நூற்கட்டுகளின் வரிசையும் யாரையும் மயக்கும். கட்டப் படமும் நூலும் விற்கும் வியாபாரிகளுக்கும் அந்த மயக்கம் அனுகூலமே. ஆனால் முப்பத்தொரு வேலையைத் தொடங்கியவர், முறைமாற்றம் என்ற கௌரவமான பெயரைத் தம் சபலத்துக்குச் சூட்டிக்கொள்கிறார் என்று சொன்னால் அது கடுமையாகாது.

மாதாந்தரப் படம் பிடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னேற்றத்தைக் கண்ணால் காண்பது உற்சாகம் தரும் என்பது மெய்யே. ஆயினும் இருபது துணிகளில் ஒவ்வொன்றும் ஓர் அங்குலம் வளர்ந்திருப்பதைக் காட்டும் இருபது படங்கள், ஒரு துணி இருபது அங்குலம் வளர்ந்ததைவிடப் பெரிய சாதனையாகத் தோன்றுகின்றன. தைத்த நூலின் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். மனோதத்துவ அறிஞர் கிளார்க் ஹல் எலிகளை வைத்து விளக்கிய ஓர் உண்மை இங்கே கவனிக்கத்தக்கது: பாதையின் முடிவில் உணவு இருக்கிறதென்று அறிந்த எலி, முடிவை நெருங்க நெருங்க வேகமாக ஓடுகிறது. தைப்பவருக்கும் கட்டப் படத்தின் கடைசிப் பக்கம் வந்ததும் கை தானே விரைகிறது, இரவில் கூடுதலாக அரைமணி விழிக்கவும் தோன்றுகிறது. அத்தகைய நேரத்தில், பத்து மணி நேரம் ஆகிவிட்டது, அடுத்த துணியின் முறை வந்துவிட்டது என்று ஊசியைக் கீழே வைக்கச் சொல்லும் அட்டவணை, இயற்கையாக ஊறும் உற்சாகத்தை வலிந்து அடக்குகிறது. இம்முறையின் குறைகளில் இதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். சலிப்பை வெல்லப் பிறந்த சட்டம், சலிப்பு இல்லாத இடத்திலும் அதிகாரம் செலுத்துவது நியாயமன்று.

ஆகவே முறை வைத்துத் தைப்பதை அடியோடு தள்ளவும் வேண்டியதில்லை, அதன் பக்தர்கள் சொல்வதுபோல ஒப்புக்கொள்ளவும் வேண்டியதில்லை. முழுவதும் நிரப்பும் பெரிய படம் ஒன்று, நடுத்தரமானது ஒன்று, பயணத்துக்குரிய சிறியது ஒன்று என்று மூன்றோடு நிறுத்துவது. முறை மாறுவதைக் கடிகாரத்திடம் விடாமல், ஒரு சதுரமோ ஒரு பூவோ ஒரு பக்கமோ முழுமையானதும் மாற்றுவது. மேற்காலின் திசை, இழைகளின் எண்ணிக்கை, விட்ட இடம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதித் துணியோடு வைப்பது. வளையத்தையும் ஊசியையும் ஒவ்வொரு முறையும் நீக்கிவிடுவது: இவ்வளவும் செய்பவருக்கு இம்முறை நல்ல துணை. பன்னிரண்டு பைகளைச் சேர்த்துவிட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. அவற்றுள் மிகக் குறைவான தையல் மீந்திருப்பது எது என்று கட்டப் படத்தை வைத்து எண்ணிப் பாருங்கள். அதை மட்டும் எடுத்து, முறையையும் அட்டவணையையும் அதுவரை நிறுத்திவைத்து, கீழ் மூலையில் ஆண்டைத் தைக்கும் வரை தைத்துவிடுங்கள்.