பிரசவப் பயிற்சி வகுப்பும் அதன் கட்டணமும்

ஜொகூர் பாருவில் முதற்குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர்க்கு, வளைகாப்புக்கு மண்டபம் பார்ப்பதற்கும் பிரசவத்துக்கு மருத்துவமனையைத் தேர்வதற்கும் இடையே இப்போது இன்னொரு கேள்வியும் எழுகிறது. கட்டணம் பெற்று நடத்தப்படும் பிரசவப் பயிற்சி வகுப்பில் சேர்வது அவசியந்தானா என்பதே அது. சில வார இறுதிகளுக்குச் சில நூறு வெள்ளி என்பது, வீட்டுக்கடனும் கார்க்கடனும் கழிந்தபின் மிஞ்சுவதை எண்ணி வாழும் குடும்பத்துக்கு அற்பத் தொகையன்று.

பணமின்றியே கிடைப்பது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கத் தாய்சேய் நலக் கிளினிக்கில் பெயர் பதிந்த கர்ப்பிணிக்கு இளஞ்சிவப்பு அட்டையிட்ட புத்தகம் ஒன்று தரப்படுகிறது. அவளுடைய இரத்த அழுத்தமும் ஹீமோகுளோபின் அளவும் சிசுவின் வளர்ச்சியும் அதில் பதிவாகின்றன. ஆபத்தின் தரத்தைக் காட்ட வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என நிறக் குறியும் இடப்படுகிறது. மலேசியாவில் பிரசவ மரணம் குறைந்த வரலாற்றை இலங்கையின் வரலாற்றோடு வைத்து ஆராய்ந்து, இந்திரா பத்மநாதன் முதலானோர் எழுதி 2003இல் உலக வங்கி வெளியிட்ட நூல், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை நாட்டுப்புறம் வரை கொண்டுசென்ற அரசாங்க ஏற்பாட்டின் சிறப்பை விரிவாக எடுத்துரைக்கிறது. ஆகவே, எதை உண்ணலாம், எந்த அறிகுறி கண்டவுடன் மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பவற்றை மட்டுமே திரும்பச் சொல்லும் வகுப்புக்குப் பணம் கொடுப்பது வீண் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கிளினிக்கின் தாதிக்கு அவகாசம் இல்லை. வெளியே வரிசை நீண்டிருக்க, வலி எப்படி இருக்கும், என்னால் தாங்க முடியுமா என்று கேட்க வாயெடுத்த பெண், அந்தக் கேள்வியை விழுங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறாள். மலாய் சரளமாக வராதவளாயின் அவள் வாயே திறப்பதில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்தில் பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காளோ அதற்குப் பதில் சொன்னார்கள். அப்பதிலில் அன்போடு பீதியும் கலந்திருந்தது மெய்யே. எனினும் கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள். மக்கள் தோட்டங்களை விட்டு மாசாய், ஸ்கூடாய் போன்ற புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தபின் அந்தச் சுற்றம் கலைந்துபோயிற்று. வகுப்பில் நாம் விலை கொடுத்து வாங்கக்கூடியது பிரதானமாக அந்த அவகாசமே.

இனி, வகுப்பு பிரசவத்தைச் சுலபமாக்குமா? அச்சமே வலியை மிகுவிக்கிறது என்று இங்கிலாந்து மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933இல் வாதிட்டார். 1951இல் சோவியத் நாட்டில் கண்ட முறையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்த ஃபெர்னான் லமாஸ் மூச்சுப் பயிற்சியைப் பரப்பினார். இன்றைய வகுப்புகள் பெரும்பாலும் இவ்விருவரின் வாரிசுகள். ஆயினும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2007இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 2,284 பெண்கள் பங்குகொண்ட 9 ஆய்வுகளைப் பரிசீலித்தபின், இத்தகைய பொதுக் கல்வியின் பலன் பெரும்பாலும் அறியப்படாததாகவே இருக்கிறது என்று முடித்தது. பத்தாண்டு கழித்து, 15,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் திரட்டிய மற்றொரு மதிப்பாய்வோ, பிரசவ நேரம் முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆதரித்தால் அறுவைப் பிரசவம் குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுச் சுருங்குகிறது என்று காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: உடனிருக்கப் போகிறவரைப் பழக்கும் அளவுக்கே வகுப்புக்கு மதிப்பு உண்டு.

இங்கேதான் நம் ஊரின் சங்கடம் தலையெடுக்கிறது. உடனிருக்க வேண்டிய கணவர் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போய், இருட்டிய பிறகே திரும்புகிறார். 2023 ஜனவரி முதல் மலேசியச் சட்டம் தாய்க்கு 98 நாளும் தந்தைக்கு 7 நாளும் விடுப்பு அளிக்கிறது. ஆனால் அக்கரையில் வேலை செய்வோரை ஆள்வது அந்நாட்டுச் சட்டமாதலால், சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாத குழந்தையின் தந்தைக்கு அங்கே பிரசவத்தையொட்டிய சட்டபூர்வமான விடுப்பு கிடையாது. தாய்க்கும் 12 வாரமே. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகையில், மூன்றாம் மாதத்தில் தொழிற்சாலைக்குத் திரும்புகிறவள், பாலைப் பிழிந்தெடுத்து, குளிரில் காத்து, பாலத்து நெரிசலைத் தாண்டி வீடு கொண்டுசேர்ப்பது எப்படி என்பதைக் கையால் செய்து பழகியிருக்க வேண்டும். அதைக் கற்பிக்கும் வகுப்புக்கு நான் தயங்காமல் பணம் கொடுப்பேன்.

என் மகளோடு நான் சென்றிருந்த ஒரு வகுப்பில், காலைப்பொழுதில் பாதி, தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கும் திட்டத்தை விளக்குவதிலேயே கழிந்தது. முதுகை நீவிவிடும் முறையைக் கணவன்மார்க்குக் காட்ட மிஞ்சியது கால் மணி நேரந்தான். எங்கள் வீட்டில் பின்னர் பயன்பட்டது அந்தக் கால் மணி நேரமே. எனவே பணம் கட்டுமுன், கற்பிப்பவர் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றவரா, கணவரும் பயிற்சியில் கலந்துகொள்கிறாரா, பிரசவ அறைக்குள் அவரை அனுமதிக்கும் மருத்துவமனைதானா என்று கேட்டறிய வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் பயிற்சியின் பெரும்பகுதி பயனற்றுப் போகும்.

இவற்றுக்கெல்லாம் தக்க விடை கிடைத்தாலும், தமிழில் மட்டுமே மனம்விட்டுப் பேசக்கூடிய பெண்ணுக்கு அந்த வகுப்பு அரைகுறையாகவே பயன்படும். பல பிரசவங்களைப் பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்த் தாதியர் நம் குடியிருப்புகளிலேயே இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் அவர்கள் வந்தமர்ந்து, குழந்தையை மார்பில் எப்படிப் பொருத்துவது, வலி எடுக்கும்போது இடுப்பை எங்கே அழுத்திப் பிடிப்பது என்று கைப்பிடித்துக் காட்டுவதற்குச் சில பாய்களும் ஒரு துணிப் பொம்மையும் போதும்.